பெயர் சொல்லாத பாட்டு எப்படி அரசியல் அங்கதமாகிறது? (18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து)

உவர்மலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். கடந்த வாரம் ஜோன் கேயின் ‘த பெகர்ஸ் ஒப்பரா’ நாடகத்தை அறிமுகப்படுத்தி, அது அக்காலத்தில் ஆட்சியை நடத்திய சேர் ரொபேட் வால்போலைச் சாடிய அரசியல் அங்கதம் என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, நாடகத்தில் கள்வர்களும் சிறைக்காவலரும்தானே வருகிறார்கள், வால்போலின் பெயர் ஓரிடத்திலும் இல்லையே, பிறகு அவரைத்தான் சொல்கிறது என்று பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். குறிப்புப் புத்தகத்தில் இருந்த விடையைச் சொன்னேன். அவளுக்கும் அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. தெருவில் பாடித் திரிந்த பழைய மெட்டுகளை எடுத்து அரசியலைப் பாடியது சட்டத்துக்கு அஞ்சியா, அல்லது வேறு காரணம் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நிலாவெளி வாசகர் எழுதியது:

மாணவியின் கேள்விக்கு நாடகத்திலேயே விடை இருக்கிறது, மிஸ். 1728 ஜனவரி 29 அன்று லண்டனில் முதன்முறை மேடையேறியபோது பார்வையாளர் கண்டது, பெரிய கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கும் பீச்சத்தைத்தான். களவுப் பொருளை வாங்கி விற்பவன் அவன். பயன்படாத கள்வனைக் காட்டிக்கொடுத்துப் பரிசுப் பணமும் பெறுபவன். அவன் பாடும் முதற்பாட்டில், உலகில் ஒவ்வொரு தொழில் செய்பவனும் மற்றவனை மோசக்காரன் என்கிறான், பாதிரியார் வழக்கறிஞரை ஏசுகிறார், வழக்கறிஞர் பாதிரியாரை ஏசுகிறார், அரசை நடத்துபவரோ தாம் மிகப் பெரியவராக இருப்பதால் தமது தொழிலும் என் தொழிலைப் போல நேர்மையானதென்று எண்ணிக்கொள்கிறார் என்று வருகிறது. அந்தப் ‘பெரியவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பு எழுத்தாளர்கள் வால்போலைப் ‘பெரிய மனிதர்’ என்றே குத்திக் காட்டி வந்தார்கள். நம் ஊரில் ஒருவரைப் ‘பெரிய மனுசன்’ என்று ஒரு தொனியில் சொன்னால் சபை முழுவதும் எவரைத் திரும்பிப் பார்க்குமோ, அப்படித்தான் அங்கும் நடந்தது.

பீச்சம் தன் கள்வர்களின் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் இடமும் அப்படிப்பட்டதே. ரொபின் என்று ஒருவனுக்குப் பல மறுபெயர்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று பொப் பூட்டி. ரொபேட் என்ற பெயரின் சுருக்கங்களே ரொபின், பொப் என்பவை; பூட்டி என்றால் கொள்ளைப்பொருள். பின்னர் சிறைக்காவலன் லொக்கிட் பாடுகிறான்: காலத்தைக் கண்டிக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள், கைக்கூலி என்று வாயெடுத்தால் ஒவ்வொருவரும் அது தம்மையே குறித்ததென்று கூச்சலிடுவார்கள். அதைக் கேட்டுச் சினந்தெழுபவர் தம்மைத் தாமே அடையாளம் காட்டியவராகிறார். நாடகம் முதற்பருவத்திலேயே 62 முறை நடந்தது. அதன் தொடர்ச்சியாகக் கே எழுதிய ‘பொலி’ மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் 1729இல் புத்தகமாக அச்சிடுவதை எவராலும் தடுக்க முடியவில்லை. அச்சிடுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1695இலேயே காலாவதியாகியிருந்தது. மேடைக்கு மட்டும் 1737இல் முன்தணிக்கைச் சட்டம் வந்தது, அதுவும் வால்போலின் ஆட்சியிலேயே.

பழைய அச்சுக்கோர்ப்பாளர் எழுதியது:

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் ஈய எழுத்துக் கோர்த்தவன். அந்தக் காலத்து ஒற்றைத்தாள் பாட்டுகளின் படிமங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள், மேலே ஒரு மரச்செதுக்குப் படம், அதன் கீழ் ‘இன்ன மெட்டு’ என்று ஒரு வரி. நாங்களும் கோயில் திருவிழாக் கும்மிப் பாட்டுகளை அச்சடிக்கும்போது தலைப்பின் கீழ் அடைப்புக்குறிக்குள் மெட்டைத்தான் முதலில் கோர்ப்போம். அந்த வரி இருந்தால் இசைக்குறிப்புத் தேவையில்லை. எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை கேட்கும்போது கூடப் பாடுவார். ஆகவே, மெட்டுக்குக் காரணம் அச்சம் மட்டும் அன்று, மிஸ். 1733இல் வைனுக்கும் புகையிலைக்கும் வால்போல் கொண்டுவர முயன்ற வரிக்கு எதிராக, அந்த வரியைக் கண்டதையெல்லாம் விழுங்கும் பூதப்பாம்பாகச் சித்திரித்த பாட்டுகள் இத்தகைய தாள்களிலேயே பரவின. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் அதைக் கைவிட்டார். பாட்டினால் மட்டும் கைவிட்டார் என்று சொல்லமாட்டேன். வணிகர்களின் எதிர்ப்பும் நாடாளுமன்றத்தில் குறைந்துவந்த வாக்குகளும் பெரிய காரணங்கள்.

அச்சத்துக்கு விடை வேறோரிடத்தில் இருந்தது. பெயரின் முதலெழுத்தையும் கடைசி எழுத்துகளையும் கோர்த்து, நடுவில் நீண்ட கோடு வைத்தார்கள். ‘வா——ல்’ என்று நம் எழுத்தில் நினைத்துப் பாருங்கள். வழக்குத் தொடுத்தால், அந்தக் கோடு அமைச்சரையே குறிக்கிறது என்று அரசின் வழக்கறிஞர்தான் நிறுவ வேண்டும். அப்படிப் பொருளேற்றுவதற்கு நீதிமன்றத்தில் ‘இனுவெண்டோ’ என்று பெயர். வால்போலைச் சாடிவந்த ‘கிராஃப்ட்ஸ்மன்’ ஏட்டை வெளியிட்ட ரிச்சர்ட் பிராங்கிளினை 1729இல் நடுவர் குழு விடுவித்தபோது, எதிர்த்தரப்பு அரசியல்வாதி வில்லியம் புல்ட்னி அதையும் ஒரு பாட்டாக்கினார்: அரசின் தலைமை வழக்கறிஞர் சேர் பிலிப்புக்கு இனி அந்த இனுவெண்டோக்கள் செய்யுளிலும் கைகொடுக்கா, உரைநடையிலும் கைகொடுக்கா என்று. ஆனால் 1731இல் வேறொரு வழக்கில் தனியாகத் தெரிந்தெடுத்த நடுவர்களை அமர்த்தி அதே பிராங்கிளினைத் தண்டித்தார்கள். சிறைக்குப் போனவர் அச்சிட்டு வெளியிட்டவர்; எழுதிய பெருமக்கள் வீட்டில் இருந்தார்கள். என் தொழிலில் இருந்தவர்களை நினைக்கும்போது இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தம்பலகாமம் தமிழாசிரியர் எழுதியது:

ஐயா சொன்ன நீண்ட கோட்டுக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் (வெளிப்படையாகப் பழிப்பது) என்றும் கரந்தது (மறைத்துப் பழிப்பது) என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. மொழி கரந்து மொழிந்தால் அது பழிகரப்பு. கேயின் நாடகம் பழிகரப்பு. மார்ல்பரோ கோமகன் 1722இல் இறந்தபோது, இத்தனை போர்களை நடத்தியவர் முதுமையடைந்து படுக்கையில் செத்தாரா என்று வியந்து, எழுத்தாளர் ஜொனதன் ஸ்விஃப்ட் எழுதிய கேலி இரங்கற்பா செம்பொருள் அங்கதம். அது ஸ்விஃப்டும் மறைந்த பின்னரே அச்சேறியது.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்பாட்டுகள் யாவும் எளியோரின் குரல் அல்ல. புல்ட்னியே பதவி இழந்த அரசியல்வாதி. வால்போலும் தம்மைப் புகழும் ஏடுகளுக்குப் பத்தாண்டுகளில் 50,000 பவுணுக்கு மேல் அரச பணத்தைக் கொட்டியிருந்தார் என்பது அவர் 1742இல் விழுந்த பின் நடந்த விசாரணையில் வெளிவந்தது. அங்கதம் இலக்குத் தவறிய இடமும் உண்டு. 1763இல் சார்ள்ஸ் சேர்ச்சில் எழுதிய ‘த புரொபெசி ஒஃப் ஃபமின்’, பியூட் பிரபு என்ற ஒரு ஸ்கொட்லாந்து அமைச்சரைத் தாக்கப் புறப்பட்டு, ஸ்கொட்லாந்து மக்கள் அனைவரின் வறுமையையும் பசியையும் நகையாடியது. வரிகள் கூர்மையானவைதாம், விற்பனையும் அமோகம். ஆனால் மூன்று இனத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊரில் இருந்து அதை வாசிக்கும்போது எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை பீச்சத்தின் பாட்டையும் சேர்ச்சிலின் சில வரிகளையும் அருகருகே வைத்து வாசிக்கப் போகிறோம். அச்சுக்கோர்ப்பாளர் ஐயா, மெட்டின் பெயர் அச்சிட்ட பழைய கும்மித் தாள் ஏதேனும் தங்களிடம் இருக்குமா? இருந்தால் வகுப்பில் காட்ட ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா?

பழைய அச்சுக்கோர்ப்பாளர் எழுதியது:

இரண்டு இருக்கின்றன, மிஸ். படம் வேண்டாம், தாளையே தருகிறேன். பிள்ளைகள் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் எழுத்து அழுந்திய தடம் விரலில் படும்.