கச்சா எண்ணெய் பாதியானால் செலவும் பாதியா? எதில் பாதி?

துளைமேடை:
“கச்சா எண்ணெய் விலை பாதியானால் வண்டி ஓட்டுகிறவனின் எரிபொருள் செலவும் பாதியாகிவிடும், வேலை இழப்பவர்கள் ஒரு கைப்பிடிதான், அவர்களுக்காக உலகம் துக்கம் அனுசரிக்க வேண்டியதில்லை” என்று நண்பர் நாற்சக்கரம் நேற்று வேறொரு திரியில் போகிற போக்கில் எழுதிச் சென்றிருக்கிறார். அது டயர் பராமரிப்பைப் பற்றிய திரி என்பதால் அங்கே ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்த வரி இரவு முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் கடல் துளைமேடையில் பதினோரு ஆண்டுகள் ரஃப்நெக்காக வேலை பார்த்தவன். குழாய்களைப் பூட்டுவதும் கழற்றுவதுமாகச் சேற்றில் ஊறி நிற்கும் வேலை அது. 28 நாள் மேடையில், 28 நாள் கரையில். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்ட பிரென்ட் எண்ணெய் (உலகச் சந்தை விலைக்கு அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெய்), நவம்பர் 27 அன்று வியன்னாவில் கூடிய ஒபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்ததும் மளமளவென்று சரிந்தது. மேடைக்கு நாள் வாடகை கொடுத்துவந்த எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, எஞ்சினை அணைத்து, ஆட்களை இறக்கி, மேடையைக் ‘கோல்டு ஸ்டாக்’ செய்துவிட்டார்கள். நான் கரையில் இருந்தபோது நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. என் காலணி இன்றும் அந்த மேடையின் அலமாரியில்தான் கிடக்கிறது. அமெரிக்காவில் மட்டும் 2014 அக்டோபரில் இயங்கிய 1,609 எண்ணெய்த் துளைமேடைகள் 2016 மே மாதத்தில் 316 ஆயின. இது கைப்பிடியா என்பதைப் பிறகு பேசலாம். இப்போதைக்கு ஒரே கேள்வி: பாதி என்கிறீர்களே, எதில் பாதி?

நாற்சக்கரம்:
வணக்கம் ஐயா. டயர் திரியில் எழுதிய ஒற்றை வரிக்குத் தனிச் சிம்மாசனம் போட்டிருக்கிறீர்கள், நன்றி. தங்கள் வேலை போனதில் எனக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. ஆனால் சொந்தத் துக்கம் புள்ளிவிவரம் ஆகிவிடாது. 2014 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் சராசரியாக 3.70 டாலரை ஒட்டி விற்றது. 2016 பிப்ரவரியில் 1.80 டாலருக்கும் கீழே விற்றது. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர்கள் இதைப் பாதி என்றுதான் சொல்வார்கள். நான் பாதி என்றேன், பாதி ஆயிற்று. இனித் திரியைப் பூட்டிவிடலாம்.

துளைமேடை:
பூட்ட வேண்டாம், தாங்களே சாவியை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அதே காலத்தில் பிரென்ட் 115 டாலரிலிருந்து 30 டாலருக்கும் கீழே போனது. நூற்றுப் பதினைந்து முப்பதுக்கும் கீழே போனால் அது பாதியாவதா, காலாவதா? கச்சா எண்ணெய் காலாகியும் பெட்ரோல் பாதியளவில்தான் நின்றது என்றால், “பாதியானால் பாதி” என்ற தங்கள் சூத்திரத்தைத் தங்கள் எண்ணே கவிழ்க்கிறது. பம்பில் நாம் வாங்குவது கச்சா எண்ணெய் அன்று. சுத்திகரிப்புச் செலவு, குழாய்க்கும் லாரிக்கும் ஆகும் செலவு, விற்பவரின் பங்கு, இவை எல்லாவற்றுக்கும் மேலே வரி என்று பல அடுக்குகள் அந்த விலைக்குள் இருக்கின்றன. கீழடுக்கு சரிந்தால் மற்ற அடுக்குகளும் கூடவே சரியும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: எதில் பாதி?

வரிக்கணக்கு:
இருவரும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வரியை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவை எடுத்துக்காட்டாக்குவதே பிழை, ஏனென்றால் அங்கே எரிபொருள் வரி மிகக் குறைவு; மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட் என்றே நிற்கிறது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கே அந்த ஆண்டுகளில் லிட்டருக்கு 57.95 பென்ஸ் நிலையான தீர்வை இருந்தது, அதையும் சேர்த்து அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. கச்சா எண்ணெய் இலவசமாகவே கிடைத்திருந்தாலும் அந்தத் தீர்வை ஒரு பென்னிகூடக் குறைந்திருக்காது. அதனால்தான் 2014 நடுவில் ஏறத்தாழ 130 பென்ஸாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல், 2016 தொடக்கத்தில் 102 பென்ஸ் அளவோடு நின்றுவிட்டது. இது பாதியும் அன்று, காலும் அன்று. ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது, அவ்வளவுதான். சரிவை அரசுகளே எடுத்துக்கொண்ட நாடுகளும் உண்டு. இந்தோனேசியா 2015 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை நிறுத்தியது. இந்தியா 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே உற்பத்தி வரியை ஒன்பது முறை உயர்த்தியது. உலகச் சந்தையில் விழுந்த பழத்தை ஓட்டுநர் குனிந்து எடுப்பதற்குள் கருவூலம் எடுத்துக்கொண்டுவிட்டது.

நாற்சக்கரம்:
வரிக்கணக்கு அவர்களே, வரி போடுவது அரசின் வேலை, எண்ணெயின் வேலை அன்று. குடையைப் பிடித்துக்கொண்டு மழை பெய்யவில்லை என்று சாதிக்கிறீர்கள். மேலும், துளைமேடை ஐயா எண்ணெய்க்கு எப்போதும் ஏதோ ஒரு மதிப்பு இருந்தது போலப் பேசுகிறார். 2020 ஏப்ரல் 20 அன்று அது பூச்சியத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனதை மறந்துவிட்டாரா? எண்ணெயை எடுத்துச் செல்பவருக்குப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை உலகமே பார்த்தது. பாதி என்பது நான் அடக்கத்தோடு சொன்ன எண்.

துளைமேடை:
அடக்கம் இருக்கட்டும், கொஞ்சம் படிப்பும் இருக்கட்டும். அன்று மைனஸில் முடிந்தது, அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. எண்ணெய்க்கான மே மாத முன்பேர ஒப்பந்தம் (பிறகு கைமாறப்போகும் எண்ணெய்க்கு முன்பே விலை பேசுவது) ஒன்றுதான், உலக எண்ணெய் முழுவதும் அன்று. மறுநாள் காலாவதியாக வேண்டிய ஒப்பந்தம் அது; ஒன்றுக்கு 1,000 பீப்பாய். கடைசி வரை கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமாவின் குஷிங்கில் எண்ணெயை உண்மையாகவே வாங்கிச் சேமிக்க வேண்டும். அங்கே இருந்த தொட்டிகளோ நிறைந்துவிட்டன, அல்லது முன்பே பேசி முடிக்கப்பட்டுவிட்டன. தொட்டி இல்லாத காகித வணிகர்கள் கடைசி நேரத்தில் அலறியடித்துத் தள்ளிவிட்டதன் விலைதான் அந்த மைனஸ். அதே நாளில் ஜூன் மாத ஒப்பந்தம் 20 டாலரை ஒட்டியும் பிரென்ட் 25 டாலரை ஒட்டியும் விலைபோயின. பம்பில் யாருக்கும் யாரும் பணம் கொடுக்கவில்லை.

ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த அந்த மாதத்தில் மலிவான பெட்ரோலை ஊற்றிக்கொண்டு எங்கே போயிருப்பீர்கள்? விலை சரிந்ததற்குக் காரணமே வாங்க ஆள் இல்லாததுதான். அப்படிப்பட்ட மலிவை நுகர்வோரின் ஆதாயக் கணக்கில் எழுதுவது, பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு இலை காலியாக இருக்கிறது என்று மகிழ்வதைப் போன்றது. வேலை பக்கம் நடந்ததையும் கேளுங்கள். 2015 ஜனவரியில் 9,000 பேரைக் குறைப்பதாக அறிவித்த எண்ணெய்வயல் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜர், 2020 ஜூலையில் 21,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. இது ஒரே நிறுவனம். தங்கள் கை எவ்வளவு பெரிது என்று தெரிந்தால்தான் கைப்பிடியின் அளவை நான் புரிந்துகொள்ள முடியும்.

பாலைநிலா:
இவ்வளவு நேரம் படித்தேன். ஒருவர்கூட மேடையையும் பம்பையும் விட்டு வெளியே வரவில்லை. எண்ணெய் விலை சரிந்தால் முதலில் அடிபடுவது எண்ணெயைத் தொடாதவர்கள்தாம். எண்ணெய் வருவாயில் வாழும் அரசு, வருவாய் குறைந்ததும் கட்டடத்துக்கும் சாலைக்கும் கொடுக்க வேண்டிய தொகையை நிறுத்திவைக்கிறது. ஒப்பந்தக்காரர் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் கொடுக்க வேண்டிய கூலியை நிறுத்திவைக்கிறார். 2016இல் சவுதி அரேபியாவில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றி முகாம்களில் கிடந்தார்கள். அவர்களுக்குத் தூதரகம் உணவு வழங்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். கொளுத்த சம்பளம் வாங்கிய துளைமேடைப் பொறியாளர்கள் சேமிப்போடு வீடு திரும்பினார்கள். இவர்களோ ஊர் திரும்பும் அனுமதிக்கே காத்துக் கிடந்தார்கள். யாருடைய துக்கத்தைப் பேசுகிறோம் என்பதிலும் ஒரு நேர்மை வேண்டும்.

துளைமேடை:
முதல் பதிவைப் படித்துவிட்டு எழுதுவது நல்ல பழக்கம். நான் பொறியாளன் அல்லன், ரஃப்நெக். மேடையில் பொறியாளர் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்ப்பார். ரஃப்நெக் இரும்புக் குழாயோடு மல்லுக்கு நிற்பான். என் இடக்கைச் சுண்டுவிரல் முழுதாக இல்லை என்பதைக் கொளுத்த சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா? தாங்கள் சொன்ன கட்டுமானத் தொழிலாளர் கதை உண்மைதான். அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

பாலைநிலா:
என் வாதத்தைத் தங்கள் பையில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாள் கூலியே கிடைக்காதவர்களையும், 28 நாள் வேலைக்கு 28 நாள் ஓய்வு பெற்றவரையும் ஒரே ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் அடைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

துளைமேடை:
தாராளமாகச் சிரியுங்கள். அந்த 28 நாளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை என்பதையும் சேர்த்துச் சிரியுங்கள்.

வரிக்கணக்கு:
இதற்கிடையில் நாற்சக்கரம் ஓசையின்றி நழுவிவிட்டார் பாருங்கள். தங்கம் விலை பற்றிய திரியிலும் இதுதான் நடந்தது. “இனி ஏறவே ஏறாது” என்று அடித்துச் சொன்னவர், ஏறத் தொடங்கிய வாரத்தில் காணாமல் போனார்.

நாற்சக்கரம்:
நழுவவில்லை, சாப்பிடப் போயிருந்தேன். தங்கத்தை இங்கே இழுப்பவருக்கு எண்ணெயில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது நான் கேட்கிறேன். 2008 ஜூலையில் எண்ணெய் 147 டாலரைத் தொட்டபோது, டாக்சி ஓட்டுநரும் டீசல் பம்பு வைத்துப் பாசனம் செய்த உழவரும் விசைப்படகுக்காரரும் வாழ்ந்த கதையை யாராவது துக்கத் திரியாகத் திறந்தீர்களா? அந்த ஆண்டு துளைமேடைகளில் ஊக்கத்தொகை வாங்கிய கைகள், எங்களுக்காக ஒரு வரி எழுதினவா? விலை ஏறும்போது உங்களுக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினி; இறங்கும்போது மட்டும் எல்லோரும் சேர்ந்து அழ வேண்டுமாம். அதிலும் பெட்ரோல் விலை ராக்கெட்டைப் போல ஏறி இறகைப் போல இறங்கும் என்பது பொருளியலாளர் ராபர்ட் பேக்கன் 1991லேயே பிரிட்டன் சந்தையை ஆராய்ந்து எழுதிய செய்தி. இறகு மெதுவாக இறங்கினாலும் இறங்கவே செய்கிறது. வாங்குகிறவர்கள் கோடிக்கணக்கானவர்கள். நான் சொன்ன பாதி அவர்களுடைய பாதி.

துளைமேடை:
2008இல் எனக்கு ஊக்கத்தொகை வந்தது உண்மைதான், அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அதே ஆண்டின் இறுதிக்குள் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே விழுந்து, எங்கள் குழுவில் பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும் ஒளிக்க மாட்டேன். கவனியுங்கள், நானும் பாதி என்கிறேன். எதில் பாதி என்றும் சேர்த்துச் சொல்கிறேன். நாற்பத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர். இப்படித்தான் ஒரு மனிதர் பாதி என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ராபர்ட் பேக்கனை எடுத்துக்காட்டியதற்கு நன்றி; கச்சா எண்ணெய் சரியும்போது பம்பு விலை அதே வேகத்தில் சரிவதில்லை என்பதைத்தானே அவரும் சொல்கிறார்? என் தரப்புச் சாட்சியைத் தாங்களே கூண்டில் ஏற்றிவிட்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்கள்.

நாற்சக்கரம்:
இறுதியில் இறங்குகிறது என்று எழுதினேன், வேகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. 3.70 டாலர், 1.80 டாலர். பாதி.

துளைமேடை:
115 டாலர், 30 டாலர். கால். பிரிட்டனில் ஐந்தில் ஒரு பங்கு.

வரிக்கணக்கு:
பிரிட்டன் கணக்கு நான் கொடுத்தது. எடுத்தாளும்போது பெயரைச் சொல்வது மரபு.

பாலைநிலா:
முகாம்களில் கிடந்தவர்களைப் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

துளைமேடை:
வரிக்கணக்கு அவர்களின் பெயரை இதோ சொல்லிவிட்டேன். பாலைநிலா அவர்களுக்கு இரவு விரிவாக எழுதுகிறேன். நாற்சக்கரம் அவர்களே, தாங்கள் வெளியே போவதற்கு முன், எதில் பாதி?