திருகோணமலையில் சன்செட் போட் சவாரி: ஓகஸ்டில் அம்மம்மாவையும் ஏற்றலாமா?

கிளிநொச்சிக்காரன்:
வணக்கம். கனடாவில் இருந்து அக்கா குடும்பம் ஓகஸ்டில் வருகிறது. நல்லூர், கீரிமலை எல்லாம் அவர்களே திட்டம் போட்டுவிட்டார்கள், என் தலையில் விழுந்தது நிலாவெளி. இரண்டு இரவுக்கு ஹோட்டல் போட்டாயிற்று. இப்போது மருமக்கள் எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு, சூரியன் கடலுக்குள் விழுவதைப் போட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று நிற்கிறார்கள். ஹோட்டலில் கேட்டால் பின்னேரம் ஐந்து மணிக்கு ‘சன்செட் குரூஸ்’ இருக்கிறதாம், ஒன்றரை மணித்தியாலமாம், ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குச் சொன்னார்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிட்டேன். நாங்கள் மொத்தம் பதினொரு பேர், அதில் அம்மம்மாவுக்கு 78 வயது, சின்னவனுக்கு 4. நான் இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், கடல் என்றால் எனக்கு மீன் சந்தையோடு சரி. அந்தக் காசுக்கு இது பெறுமதியா? அம்மம்மாவை ஏற்றலாமா? கற்பிட்டிக்குப் போ, அங்கேதான் சூரியன் கடலில் விழும் என்று ஒரு கூட்டாளி சொல்கிறான், அதையும் யோசிக்கிறேன்.

வவுனியா வான்காரன்:
தம்பி, உங்கள் கூட்டாளி சொன்னதில் பாதி சரி. நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா எல்லாம் கிழக்குக் கரை. கடலில் இருந்து எழும்பும் சூரியனைத்தான் அங்கே பார்க்கலாம், பின்னேரம் அது முதுகுப் பக்கத்தில் பனைக்கும் மலைக்கும் பின்னால் இறங்கிவிடும். ஹோட்டல்காரர் சொல்லும் சன்செட் பொய் இல்லை, கடலுக்குள் போய்க் கரையைத் திரும்பிப் பார்க்கிற சன்செட். இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டுக்குள் அழுகைதான்.

கடலில் சூரியன் விழ வேண்டுமென்றால் மன்னார், கற்பிட்டி, நீர்கொழும்பு, பெந்தோட்டை என்று மேற்குப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைப் போட்டுக் குழப்பும். கற்பிட்டியில் காற்றாடி கட்டிப் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரருக்கு அது நல்ல காலம், 78 வயது மனிசிக்கு இல்லை. டொல்பின் பார்க்கவும் அங்கே நவம்பருக்குப் பிறகு ஏப்ரலுக்குள் போக வேண்டும். ஆக, சன்செட் இருக்கிற கடல் அந்த மாதம் கொதிக்கும், அமைதியாக இருக்கிற கடலில் சன்செட் இல்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லாக் குடும்பமும் லீவுக்கு ஓகஸ்டில்தான் வரும், எல்லோருக்கும் இதையே சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நான் செய்வது இதுதான். சூரியனைப் பார்க்கப் போகாதீர்கள், சூரியன் எதில் விழுகிறது என்று பார்க்கப் போங்கள். போட்டை உப்புவெளிப் பக்கத்தில் இருந்து கோணேசர் மலையை நோக்கி விடச் சொல்லுங்கள். ஓகஸ்டில் அங்கே ஆறு இருபதுக்குக் கிட்டத்தான் சூரியன் படும். ஐந்தே முக்காலுக்கெல்லாம் மலைக்கு வடக்கே, குடாவுக்குள்ளே நின்றால் மேற்கு வெளிச்சம் நேரே பாறையிலும் கோயிலிலும் அடிக்கும், அரை மணித்தியாலம் அந்த நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மலையைச் சுற்றி வெளிக்கடல் பக்கம் போகச் சொல்லிக் கேட்க வேண்டாம், அந்த நேரம் அந்தப் பக்கம் நிழல், அலையும் கூட.

நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்கும் இதே சவாரியில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 2003இல் இருந்து தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேண்டும், காலையில் போகிற இடம்.

முல்லைக்கடல்:
நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில், அதனால் கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் குறை நினைக்காதீர்கள். முதலில் ஹோட்டலில் கேட்க வேண்டியது விலை இல்லை, அது என்ன போட் என்பதுதான். குரூஸ் என்று பெரிய பெயர் சொல்லிவிட்டு, காலையில் வலை ஏற்றின அதே பைபர் போட்டுக்கு மேலே சீலை கட்டி அனுப்புகிற இடமும் இருக்கிறது. அதில் தப்பில்லை, நாங்கள் ஓடுகிறதும் அதுதான், ஆனால் பதினொரு பேரை ஒன்றில் ஏற்றக் கூடாது. இரண்டு போட்டாகப் பிரியுங்கள், ஆளுக்கு இல்லாமல் போட்டுக்கு விலை பேசுங்கள். லைஃப் ஜக்கெட் எத்தனை என்று கேட்டால் ‘இருக்கு, இருக்கு’ என்பார்கள். நாலு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய ஆளின் ஜக்கெட்டை அவனுக்குப் போட்டால் தண்ணீரில் ஜக்கெட் மிதக்கும், பிள்ளை கீழால் வழுகிப் போகும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு படகு கவிழ்ந்தது நடுக்கடலில் இல்லை, களப்பைக் கடக்கிற கொஞ்சத் தூரத்தில்.

காற்று பற்றி வான்கார அண்ணா சொல்லாத ஒன்று. அந்த மாதங்களில் கிழக்கில் கச்சான் காற்று கரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், போகும்போதும் ஒன்றும் தெரியாது. திரும்பும்போது எதிர்க்காற்று, அணியத்தில், முன்பக்கம் இருக்கிறவர் முழுக நனைவார், ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பில் ஒரு குத்து விழும். அம்மம்மாவை நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் இருத்துங்கள். கடைசியில் இஞ்சின் பக்கம் வேண்டாம், மண்ணெண்ணெய் மணத்துக்கே சத்தி வரும். ஏற்றுவதுதான் பெரிய வேலை. நிலாவெளியில் ஜெட்டி என்று ஒன்றை எதிர்பார்க்காமல் போங்கள், முழங்கால் தண்ணீரில் நின்றுதான் விளிம்பைத் தாண்டிக் கால் போட வேண்டும். ஹோட்டலில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கேட்டு வாங்கித் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு பேர் அதை அசையாமல் பிடித்தால் படியாகும். என் ஆச்சியை நாங்கள் அப்படித்தான் ஏற்றுவோம், திட்டித் திட்டி ஏறுவா.

தண்ணீரூற்று:
ஏன் திருகோணமலை வரைக்கும்? வட்டுவாகல் பாலத்தில் பின்னேரம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பாலத்துக்கு மேற்கே நந்திக்கடல் களப்பு கிடக்கிறது, சூரியன் அப்படியே தண்ணீருக்குள் போகும். எங்கள் ஊர், காசும் இல்லை.

கிளிநொச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. தண்ணீரூற்று அண்ணா, அழகு என்று எனக்கும் தெரியும். அம்மம்மா யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவ. அதற்குப் பிறகு ஒருமுறை பஸ்ஸில் அதால் போனபோது சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. அங்கே படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் இல்லை.

ஹோட்டலுக்குத் திரும்ப எடுத்தேன். சின்னப் பிள்ளை ஜக்கெட் இருக்கிறதா என்று கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்றார்கள். முல்லைக்கடல், நீங்கள் சொன்னது சரிதான். நாள் மட்டும் இன்னும் முடிவில்லை, போயா, பூரணை லீவு அன்றைக்குப் போகலாமா?

தண்ணீரூற்று:
தம்பி, விளங்குது. நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

முல்லைக்கடல்:
போயா நல்ல கேள்வி. பறுவத்தன்று சூரியன் கரையில் இறங்குகிற நேரத்துக்கே நிலா கடலில் இருந்து எழும்பும். கிழக்கில் இருக்கிற எங்களுக்குக் கிடைத்தது அதுதான், மேற்கில் இருக்கிறவனுக்கு இல்லை. ஆனால் போயாவுக்குக் கொழும்பில் இருந்தெல்லாம் சனம் இறங்கும், போட்டுக்கு இழுபறி. போயாவுக்கு முதல் நாள் போங்கள். நிலா முக்கால் மணித்தியாலம் முந்தி வந்துவிடும், வெளிச்சம் இருக்கும்போதே கடலுக்கு மேலே வெள்ளையாக நிற்கும், சூரியன் மறைந்ததும் மஞ்சளாகும். அதைப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம். எங்கள் பக்கம் சூரியன் பட்டு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. அதற்குள் கால் மணலில் இருக்க வேண்டும், இன்னும் பத்து நிமிடம் என்று மருமக்கள் கெஞ்சினாலும்.

வவுனியா வான்காரன்:
முதல் நாள் என்றால் வானும் லேசாகக் கிடைக்கும். வவுனியாவில் இருந்து ஹொரவப்பொத்தானை வழியே வாருங்கள், காலை ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் எடுத்தால் பத்து, பத்தரைக்கு நிலாவெளி. மத்தியானம் அம்மம்மாவை நித்திரை கொள்ள விடுங்கள். போட்டுக்குள் சாப்பிட எண்ணெய் வடையும் ரோல்ஸும் வேண்டாம், நான் ஒருமுறை கழுவின சீட்டே போதும்.

கிளிநொச்சிக்காரன்:
முறுக்கு?

வவுனியா வான்காரன்:
முறுக்குப் பரவாயில்லை.