பேரீச்சை நட்ஸ் உருண்டை உதிராமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். சர்க்கரை சேர்க்காமல், பேரீச்சம்பழத்தின் இனிப்பை மட்டும் நம்பி நட்ஸ் உருண்டை செய்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

200 கிராம் பேரீச்சைக்கு பாதாம், முந்திரி, வால்நட் எல்லாம் சேர்த்து 150 கிராம் எடுக்கிறேன். சிறு தீயில் வறுத்து, ஆறவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கிறேன். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். பிடிக்கும்போது நன்றாகத்தான் நிற்கிறது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் ஓரமெல்லாம் உதிர்ந்து, அடியில் தூளாகக் கிடக்கிறது.

பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்தால் பிடிப்பு வரும், சரி. ஆனால் ஈரம் ஏறினால் சீக்கிரம் கெட்டுவிடுமே? உலர்ந்த அத்திப்பழம் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? அதன் விதை பல்லில் நறநறவென்று படுவது எனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குத்தான் சந்தேகம்.

அப்புறம், தேன் ஊற்றச் சொல்லாதீர்கள். அதுவும் சர்க்கரைதானே!