6,000 ரூபாய் யோகா மேட் வாங்கலாமா? அபரிக்ரஹம் (பொருள் சேர்க்காமை) என்ன சொல்கிறது?

கேள்வி | மொசைக்தரை

வாரம் மூன்று நாள் வகுப்பு, மற்ற நாள் வீட்டு மொசைக் தரையில் பயிற்சி. இப்போதுள்ளது 10 மி.மீ. நுரை மேட். காலை அகட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் கால் ஆடுகிறது, கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. இயற்கை ரப்பர் மேட் 6,000 ரூபாய் என்கிறார்கள். கை தரையை எட்டாதபோது ஊன்றும் பிளாக், காலை எட்டிப் பிடிக்க உதவும் பெல்ட் தனி. வகுப்பில் சிலர் மேட்டின் பிராண்டை வைத்தே ஆளை எடை போடுகிறார்கள். வேறு சிலர், வாங்கினால் "அபரிக்ரஹம் எங்கே போச்சு?" என்கிறார்கள். எது தேவை, எது ஆசை என்று எப்படிப் பிரிப்பது?

மறுமொழி | நாலுமுழம்

கோளாறு விலையில் இல்லை, தடிமனில் இருக்கிறது. மெத்தென்ற நுரையில் உள்ளங்கையின் அடிப்பகுதி அமுங்கும். மணிக்கட்டு இன்னும் கூர்மையாக மடங்கும், வலி வரும். பாதத்துக்கும் உறுதியான தரை கிடைக்காததால்தான் ஆட்டம். 4 மி.மீ. மேட் போதும், சாதாரண ரகம் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ரப்பரின் பிடிமானம் நல்லதுதான். ஆனால் கனம் அதிகம், வெயிலில் காயப்போட்டால் வெடிப்பு விடும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

நின்று செய்யும் ஆசனங்களை வெறுங்காலோடு மொசைக்கிலேயே செய்யலாம், தரையும் பாதமும் ஈரமில்லாமல் இருந்தால். ஜமக்காளத்தை அதற்கு விரிக்காதீர்கள், வழுக்கிவிடும். உட்காரவும் படுக்கவும் அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்கு அதையே கெட்டியாக 2 அங்குல உயரத்துக்கு மடித்து, தோள் அதன் மேலேயும் தலை தரையிலுமாக வையுங்கள். தலையணை வேண்டாம், தோள் அமுங்கினால் பாரம் கழுத்துக்குப் போய்விடும்.

கடையில் விற்கும் பெல்ட் 6 அல்லது 8 அடி. நாலு முழ வேட்டியும் 6 அடிதான்! நீளவாக்கில் மடித்துக்கொள்ளுங்கள். பருத்தியாக இருக்கட்டும், நைலான் துப்பட்டா நழுவும். பிளாக்குக்குப் பதில் இரண்டு தடித்த புத்தகங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றும் திரிகோணாசனத்தில் அதைப் படுக்கையாகவே வைக்க வேண்டும், நிமிர்த்தினால் சாயும்.

மறுமொழி | ஏட்டுச்சுவடி

பதஞ்சலியின் யோக சூத்திரம் 2.30-க்கு உரை எழுதிய வியாசர், பொருளில் ஐந்து குற்றங்களைக் காட்டுகிறார்: சேர்ப்பது, காப்பது, அழிவது, பற்று, பிற உயிருக்கு வரும் துன்பம். இவற்றைக் கண்டு பொருளை ஏற்காமல் விடுவதே அபரிக்ரஹம். விலைக்கு ஒரு வரம்பு அவர் போடவில்லை. உங்கள் மேட்டையே இந்த ஐந்தில் வைத்துப் பாருங்கள். அதற்காகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறதா? பிறர் மிதித்தால் மனம் பதறுகிறதா? கிழிந்தால் பயிற்சியே நின்றுபோகுமா? பதில் 'ஆமாம்' என்றால் 500 ரூபாய் மேட்டும் பரிக்ரஹம்தான்.

கருவி வேண்டவே வேண்டாம் என்று நூல்கள் சொல்லவில்லை. கீதை 6.11 தர்ப்பை, மான்தோல், துணி என்று இருக்கையை வரிசையாகச் சொல்கிறது. மிக உயரமாகவும் வேண்டாம், மிகத் தாழ்வாகவும் வேண்டாம் என்கிறது. புனேயில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் கயிறும் கட்டையும் நாற்காலியும் கொண்டு கற்பித்தது, உடம்பு வளையாதவர்களும் நோயாளிகளும் ஆசனத்தை எட்டுவதற்காக.

எடை போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் மேட்டின் விலையைக் கணக்குப் பார்ப்பவர், "நான் கிழிந்த பாயில் செய்கிறேன்" என்று நிமிர்கிறவர், இருவர் மனமும் பொருளிலேயே கிடக்கிறது. இரண்டாமவர் எளிமையையே சொத்தாகச் சேர்க்கிறார்; இது பிடிபடுவது கடினம் என்பதால் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். சூத்திரம் 1.33 சுகமாயிருப்பவரிடம் நட்பு காட்டச் சொல்கிறது. நல்ல மேட் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். திருமூலர் இயமத்தில், அதாவது யோகத்தின் முதல் படியான ஒழுக்கத்தில், நிற்பவனைச் சொல்லும்போது 'பகுத்துண்பான்' என்று ஒரு சொல் வைக்கிறார். நம் வகுப்புகளில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை, வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி | மொசைக்தரை

நன்றி. 4 மி.மீ. மேட் ஒன்று வாங்கிக்கொள்கிறேன், பெல்ட்டுக்கு வேட்டி இருக்கிறது. பழைய 10 மி.மீ. மேட்டை என்ன செய்வது?

மறுமொழி | நாலுமுழம்

தூக்கிப் போடாதீர்கள். ஓர் அடிச் சதுரங்களாகக் கத்தரியுங்கள். முட்டி போட்டுச் செய்யும் உஷ்ட்ராசனத்திலும் மார்ஜரி ஆசனத்திலும் முட்டிக்கு அடியில் வைக்க அந்தத் தடிமன்தான் வேண்டும். 6 அடிக்கு 2 அடி மேட்டில் 12 துண்டு வரும். இரண்டை வைத்துக்கொண்டு மீதியை வகுப்பில் முட்டி வலிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.