எழுபதாம் பிறந்தநாளுக்கு ஸ்காட்ச் விஸ்கி: எந்தப் பாட்டிலை வாங்குவது?

திருச்சிக்காரன், டர்பன்:

வணக்கம். ஒரு பரிசு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு செப்டம்பர் கடைசியில் எழுபது வயது நிறைகிறது. மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, முன்பணம் கூடக் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். என் மனைவிக்குப் பிரசவமானபோது அத்தை பத்தியச் சாப்பாடு சமைத்து மருத்துவமனைக்கே கொண்டுவந்தார். அந்த வீட்டுக்கு ஏனோதானோ என்று ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை.

மாமா சனிக்கிழமை மாலையில் மட்டும் குடிப்பார். பெல்ஸ் விஸ்கி, தம்ளர் நிறைய ஐஸ், அதன்மேல் சோடா. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்பதால் கடை அலமாரியின் முன்னால் போய் நின்றால் ஒன்றுமே விளங்கவில்லை. 12 வருடம் என்று போட்ட பாட்டில் ஒரு விலை. வருடமே போடாத இன்னொன்று அதைவிடப் பல மடங்கு விலை. ஆயிரம் ராண்ட் வரை செலவழிக்க முடியும்.

அலுவலக நண்பர் ஒருவர் லஃப்ரோய்க் 10 வாங்கு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார். துபாய் வழியாக வரும் மைத்துனர், விமான நிலையத்தில் ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கி வரவா என்று கேட்கிறார். எதைக் கேட்பது?

ஜோபர்க் செல்வம்:

எழுபது வயது என்றால் பெயர் சொன்னதும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். ஜானி வாக்கர் ப்ளூ லேபிள் வாங்குங்கள். உங்கள் தொகைக்குள் வராதுதான். அந்த வீட்டோடு பழகும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டால் முடியும்.

மால்ட் பிரியன், கேப் டவுன்:

செல்வம் அண்ணாவின் யோசனையைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து கொடுத்தால் அது நாலு குடும்பத்தின் பரிசு. இவர் தன் நன்றியைத் தானே கொடுக்க விரும்புகிறார் என்று எனக்குப் படுகிறது.

தம்பி, முதலில் லஃப்ரோய்க்கை ஒதுக்கி வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஸ்கிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் உங்கள் மாமாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஐலா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட் என்னும் கரிமண்ணை எரித்துப் புகை போடுகிறார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, கடைசிச் சொட்டு வரைக்கும் கூடவே வரும். லஃப்ரோய்க் மூடியைத் திறந்ததும் முதலில் எழுவது டிஞ்சர் அயோடின் வாடை. அதன் பின்னால் கடல்பாசி, அணைந்த விறகு. பழகியவர்களுக்கு அதுதான் சுகம். பெல்ஸில் சோடா ஊற்றிக் குடித்துப் பழகியவர் முதல் வாயிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிடக்கூடும். கொடுத்தவர் மனம் நோகாமலிருக்க நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிடுவார்.

வருடக் கணக்கு இதுதான். பாட்டில் மேல் 12 என்றிருந்தால், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதுகூட ஓக் மரப் பீப்பாயில் 12 வருடம் கிடந்தது என்று பொருள். ஸ்காட்ச் என்று பெயர் போடவே குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்திலேயே பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வருடம் போடாவிட்டால் மட்டம் என்று பொருளில்லை. இளையதையும் முதிர்ந்ததையும் கலந்திருப்பார்கள், அதனால் வயதை எழுதியிருக்க மாட்டார்கள். ப்ளூ லேபிளிலும் வயது கிடையாது. முதிர்ந்த சரக்குக்கு விலை ஏறுவதற்குக் காரணம், பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடுவதுதான். அங்கே அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். 18 வருடம் காத்திருந்தவனுக்குப் பீப்பாயில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வகை. பெல்ஸ் ஒரு பிளெண்டட் ஸ்காட்ச். முளைகட்டிய பார்லியில் வடித்த பல வடிசாலைகளின் மால்ட் விஸ்கியோடு, கோதுமை அல்லது மக்காச்சோளத்திலிருந்து வடித்த கிரெயின் விஸ்கியையும் சேர்த்துக் கலப்பார்கள். சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புப் பாண்டத்தில் வடித்தது. மாமா இதுவரை குடித்தது பிளெண்டட். அவர் போகும் பாதையிலேயே ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள். பாதையை மாற்ற வேண்டாம். என் யோசனை, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியின் 12 வருட சிங்கிள் மால்ட். கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12 இரண்டுமே பழ வாசனையும் இனிப்பும் உள்ளவை, புகை கிடையாது. உங்கள் தொகைக்குள்ளும் அடங்கும். ஐஸும் சோடாவும் ஊற்றினாலும் முகம் சுளிக்க வைக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

எல்லாம் சரி, தேதியை யாரும் பார்க்கவில்லையே. செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. டர்பன் இருக்கும் நம் நேட்டால் பகுதித் தமிழ் வீடுகளில் புரட்டாசி முழுவதும் கவிச்சி இல்லை, குடியும் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களைவிட இங்கே நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள்தான் இதில் கறாராக இருக்கின்றன. பிறந்தநாள் விருந்தே காய்கறி பிரியாணியும் பருப்பும் பாயசமுமாகத்தான் இருக்கும். அந்த மாதத்தில் அந்த வீட்டுக்குள் விஸ்கி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனால், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் அவர்களுக்குச் சங்கடம். மாமா விரதம் இருப்பவரா என்று முதலில் விசாரியுங்கள்.

லெனேசியா அக்கா:

வாத்தியார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. எழுபது வயதில் மாத்திரை இல்லாத ஆளைக் காண்பது அரிது. தூக்க மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள், வலி மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. மாமாவின் பிள்ளைகள் யாரிடமாவது தனியாகக் கேளுங்கள். மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருந்தால் பரிசையே மாற்றிவிடலாம்.

கூடவே ஒன்று. மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அத்தை. மாமாவுக்குப் பாட்டில், அத்தைக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. ஒரு நல்ல சேலையோ, அவர் விளக்கு மாடத்துக்கு ஒரு பித்தளை விளக்கோ சேர்த்துக் கொடுங்கள்.

திருச்சிக்காரன், டர்பன்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவின் மூத்த மகனிடம் பேசினேன். புரட்டாசி விரதம் உண்டு, மாதம் முழுவதும் தொட மாட்டாராம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சனிக்கிழமை ஒரு தம்ளர் பற்றி மருத்துவருக்கும் தெரியும், தடை சொல்லவில்லை. சர்க்கரை இல்லை. ஆகவே பிறந்தநாளன்று மாமாவுக்குப் பட்டு வேட்டி, அத்தைக்குச் சேலை. பாட்டிலைப் பிறகு வீட்டில் வைத்துக் கொடுப்பது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம்.

நேற்று கடைக்குப் போனேன். கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12, ஜானி வாக்கர் பிளாக் லேபிள் மூன்றும் இருந்தன. இன்னும் சில சந்தேகங்கள். பிளாக் லேபிள் நல்ல அடர் நிறம், கிளென்லிவெட் வெளிறிய பொன்னிறம். அடர்த்தியானதுதான் உசத்தியா? இணையத்தில் ஆல்கஹால் 40 சதவீதம் என்று பார்த்த விஸ்கிக்குக் கடையில் 43 என்று போட்டிருக்கிறது, போலியாக இருக்குமோ? இப்போதே வாங்கி வைத்தால் அதற்குள் கெட்டுவிடுமா, அல்லது இன்னும் முதிருமா?

மால்ட் பிரியன், கேப் டவுன்:

43 என்று இருப்பதுதான் சரியான பாட்டில். தென்னாப்பிரிக்காவில் விற்கும் விஸ்கி குறைந்தது 43 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 40 போதும், அங்கே பாட்டிலும் 700 மில்லி. நம் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 750 மில்லி. ஆக, இங்கே வாங்குகிறவருக்கு அளவும் கொஞ்சம் கூடுதல், வீரியமும் கொஞ்சம் கூடுதல். மைத்துனரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்தை நம்பாதீர்கள். ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஷெர்ரி மது இருந்த பீப்பாயில் முதிர்ந்தால் தானாகவே நிறம் ஏறும், அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்தால் வெளிறியிருக்கும். நிறத்தைப் பார்த்து வயதையோ தரத்தையோ சொல்ல முடியாது.

பாட்டிலுக்குள் போன பிறகு விஸ்கி முதிராது. 12 வருட விஸ்கியை உங்கள் மகன் கல்யாணத்தில் திறந்தாலும் அது 12 வருட விஸ்கிதான். மூடி திறக்காத வரை கெடவும் கெடாது. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒயினைப் போல் படுக்க வைத்தால் வீரியமான சாராயம் தக்கையை அரித்துவிடும். டர்பன் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றில் எது என்றால், பிளாக் லேபிள் தரமான சரக்கு, சோடாவோடு குடிப்பவருக்கு மிகவும் ஏற்றது. இலேசான புகை உண்டு. ஆனால் அது மாமா தானே வாங்கிக்கொள்ளக்கூடியது, ஒருவேளை அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கக்கூடும். கிளென்ஃபிடிக் முக்கோண பாட்டில், மான் படம். பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரியும். நான் என் மாமனாருக்கு வாங்குவதாக இருந்தால் கிளென்லிவெட் வாங்குவேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது, கொடுக்கும்போது சொல்லலாம். லிவெட் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள். 1823இல் வரிச் சட்டம் மாறியது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்ற விவசாயி, அந்தப் பள்ளத்தாக்கிலேயே முதல் ஆளாக உரிமம் எடுத்தார். இவன் ஒருவன் வரி கட்டினால் நம் பிழைப்பு போச்சே என்று அக்கம்பக்கத்தார் வடிசாலையைக் கொளுத்துவோம் என்று மிரட்டினார்கள். அபர்லூர் நிலப்பிரபு அவருக்கு ஒரு ஜோடி கைத்துப்பாக்கி கொடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டே அவர் தொழில் செய்தார். சனிக்கிழமை மாலையில் நிதானமாகக் குடிக்கிற ஒரு பெரியவர் இப்படி ஒரு கதையை வருகிறவர்களுக்கெல்லாம் திரும்பச் சொல்வார்.

ஒரு வேண்டுகோள். இதைச் சோடா ஊற்றிக் குடிக்கக் கூடாது என்று யாரும் அவரிடம் பாடம் எடுக்க வேண்டாம். முதல் தம்ளரில் மட்டும் ஐஸ் இல்லாமல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்து பாருங்கள் மாமா என்று சொல்லுங்கள். பிறகு அவர் இஷ்டம்.

ஜோபர்க் செல்வம்:

மைத்துனர் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய வீரிய மது ஒரு லிட்டர்தான், அதுவும் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அவர் தனக்கென்று ஏதாவது வாங்கியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். துபாயில் விமானம் மாறுகிறார் என்றால், முன்னமே வாங்கிய பாட்டிலை அங்கே பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடவும் வாய்ப்புண்டு. உரிமம் பெற்ற கடையில் இங்கேயே வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, பெட்டியிலுள்ள பெயரும் பாட்டிலிலுள்ள பெயரும் ஒன்றா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

உள்நாட்டு பெயின்ஸ் விஸ்கியையும் சொல்ல நினைத்தேன். வெலிங்டனில் செய்வது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நீங்கள் ஸ்காட்ச் கேட்டிருக்கிறீர்கள், அது ஸ்காட்ச் ஆகாது.

திருச்சிக்காரன், டர்பன்:

கிளென்லிவெட் 12 வாங்கிவிட்டேன். மால்ட் பிரியன் அண்ணா சொன்னபடி அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மைத்துனரிடம் குழந்தைக்குப் பேரீச்சம்பழம் மட்டும் வாங்கி வரச் சொல்லிவிட்டேன். தீபாவளி வாரத்தில் மாமா வீட்டுக்குப் போய்க் கொடுப்பதாக எண்ணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

நல்ல தேர்வு. நாளை மட்டும் பார்த்துக் குறியுங்கள். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். முருகனைக் கும்பிடும் வீடு என்றால் ஆறு நாளும் மறுபடி விரதம்தான். சில வருடங்களில் புரட்டாசி முடிவதற்கும் சஷ்டி தொடங்குவதற்கும் நடுவே சில நாட்களே கிடைக்கும். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எந்தச் சனிக்கிழமை என்று அவரே சொல்லிவிடுவார்.