'நா பங்காரு தல்லி' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் அடுத்த மாதம் ஒரு படம் போட்டுப் பேசலாம் என்று திட்டம். 2013ஆம் ஆண்டின் தெலுங்குப் படம் 'நா பங்காரு தல்லி'யைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ராஜேஷ் டச்ரிவர் இயக்கியது, சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஹைதராபாத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் பணி செய்யும் சுனிதா கிருஷ்ணன் தயாரித்த படம் என்பதால் சினிமாத்தனம் குறைவு.

ஊரே மதிக்கும் அப்பா. பெண்களைக் கடத்தி விற்பதுதான் அவருடைய தொழில் என்பது மகளுக்குத் தெரியாது. 'மகாநதி'யும் யோசித்தோம், ஆனால் அதில் இந்த விஷயம் கதையின் ஒரு பகுதிதான்.

சிக்கல் மொழி. போன வாரம் நாலு பேர் மட்டும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். நான் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்ததில், அழ வேண்டிய இடத்தில் ஒரு அக்கா "அப்புறம் என்ன சொன்னான்?" என்று கேட்டுவிட்டார்!

யாரிடமாவது தமிழ் சப்டைட்டில் கோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் தெலுங்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் என்னோடு இரண்டு நாள் உட்கார்ந்தால் நானே தட்டச்சு செய்துவிடுவேன். அப்புறம், பதினைந்து பதினாறு வயதுப் பெண்களும் வருவார்கள். படம் பார்த்தவர்கள், அவர்களுக்கு எந்தக் காட்சிகளைத் தவிர்க்கலாம் என்றும் சொல்லுங்கள். முடிந்ததும் 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் பலகையில் எழுதிப் போடப் போகிறோம்.