வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது, எஃப்.பி.ஐ. பதிவில் முடிவு இல்லை: காசினோ லைசென்ஸ் நிற்கிறது, உதவி தேவை

செங்காந்தள்:
வணக்கம். ஓக்லஹோமாவில் பழங்குடியினர் நடத்தும் ஒரு காசினோவில் கேஜ் (பணமும் சிப்பும் மாற்றித் தரும் கவுண்டர்) கேஷியராகச் சேர்ந்திருக்கிறேன். பணப் பொறுப்பு என்பதால் 'கீ எம்ப்ளாயி' (முக்கியப் பொறுப்பில் உள்ள ஊழியர்) வகையில் வருகிறேனாம். அந்தப் பழங்குடி அரசின் கேமிங் கமிஷன்தான் லைசென்ஸ் தர வேண்டும். இப்போது தற்காலிக லைசென்ஸில் ஓடுகிறது.

2017-இல் டெக்சாஸில் மாஸ்டர்ஸ் படித்தபோது ஒரு கடையில் திருட்டுப் புகாரில் கைது செய்து கைரேகை எடுத்தார்கள். கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகை. டைவர்ஷன் (தண்டனைக்குப் பதிலான திருத்தத் திட்டம்) வகுப்பு முடித்ததும் 2018-இல் வழக்கு தள்ளுபடி. விண்ணப்பத்தில் இதை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.

இப்போது கமிஷனிலிருந்து கடிதம்: எஃப்.பி.ஐ. பதிவில் கைது இருக்கிறது, முடிவு என்ன என்று இல்லை, நீதிமன்றம் சான்றிட்ட டிஸ்போசிஷன் (வழக்கு எப்படி முடிந்தது என்ற ஆவணம்) 30 நாளில் வேண்டும். நீதிமன்றத்துக்குப் போன் செய்தால், என் பெயரில் வழக்கே இல்லை என்கிறார்கள். இல்லாத வழக்குக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது? வேலை போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

கல்மேடு:
தம்பி, முதலில் பதற்றத்தை விடுங்கள். கைதானதும் பதிவு எஃப்.பி.ஐ.க்குப் போய்விடும், வழக்கு எப்படி முடிந்தது என்ற தகவல் போகாமலே நிற்கும். இது நிறைய பேருக்கு நடக்கிறது. லைசென்ஸ் தருபவர் கண்ணுக்கு அது இன்னும் நடக்கிற வழக்கு மாதிரி தெரியும். அதனால்தான் கேட்கிறார்கள். மறுத்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

ஒரு கேள்வி. 2017-இல் உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருந்ததா?

செங்காந்தள்:
இல்லை அண்ணே. என் பெயர் மட்டும்தான், அதுவும் கிவன் நேம் கட்டத்தில். கிரீன் கார்டுக்கு முன்னால்தான் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்தேன்.

கல்மேடு:
அப்படியானால் சிக்கல் அங்கேதான் இருக்க வேண்டும். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் நம் பெயரைச் சர்நேம் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (First Name Unknown, முதல் பெயர் தெரியாது) என்று அடிப்பார்கள். உங்கள் டிரைவிங் லைசென்ஸோ ஐ.டி.யோ அன்று அப்படி இருந்தால் போலீஸும் அப்படியே பதிந்திருப்பார்கள். நீதிமன்ற கிளர்க் இன்றைய பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

போனில் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பழைய பெயர், எஃப்.என்.யு., முன்னும் பின்னும் மாற்றிய பெயர், பிறந்த தேதி, கைதான தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். காஸ் நம்பர் (வழக்கு எண்) இருந்தால் அது ஒன்றே போதும். ஜாமீன் தாள், டைவர்ஷன் ஒப்பந்தம், வக்கீல் அனுப்பிய மெயில், எதிலாவது அந்த எண் இருக்கும். கிளாஸ் பி என்பதால் கவுண்டி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், முனிசிபல் கோர்ட்டில் தேடினால் கிடைக்காது.

அப்படியும் இல்லை என்றால், தேடியும் ஆவணம் கிடைக்கவில்லை என்று கிளர்க்கிடம் சான்றிட்ட கடிதம் வாங்குங்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டது அரசு வழக்கறிஞர் அலுவலகம், அவர்களிடமும் கடிதம் கேளுங்கள்.

நீர்முள்ளி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். தள்ளுபடியான வழக்கை ஏன் எழுத வேண்டும்? எனக்கும் பழைய ஒன்று இருக்கிறது. தண்டனையே இல்லையே, விட்டுவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.

கல்மேடு:
நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள், தயவுசெய்து. பழங்குடி காசினோக்களுக்கான 25 சி.எஃப்.ஆர். (அமெரிக்க மத்திய அரசின் விதித்தொகுப்பு) 556.4 விதியில், சிறு போக்குவரத்துக் குற்றம் தவிர, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் வந்த எந்தக் குற்றச்சாட்டையும், தண்டனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிமன்ற விவரத்தோடு எழுத வேண்டும். ஃபெலனி (பெருங்குற்றம்) தண்டனைக்கு 10 ஆண்டு வரம்பும் கிடையாது. சில கமிஷன்கள் இதைவிடக் கூடவே கேட்கும். ஆகவே படிவத்தில் உள்ள கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

கைரேகை, பழங்குடி காசினோக்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நேஷனல் இந்தியன் கேமிங் கமிஷன் வழியாக எஃப்.பி.ஐ.க்குப் போகும். கைது தெரிந்தே தீரும். பழைய சிறிய வழக்கை அவர்கள் எடைபோட்டுப் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் அது நேர்மை பற்றிய கேள்வியாகிவிடும். பழங்குடி காசினோக்களுக்கான 1988-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றப்பதிவோடு நற்பெயர், பழக்கவழக்கம், தொடர்புகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது.

தாழை:
கல்மேடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 28 சி.எஃப்.ஆர். 50.12 படி, எஃப்.பி.ஐ. பதிவை வைத்து லைசென்ஸ் முடிவு செய்பவர்கள், பதிவில் குறையோ தவறோ இருந்தால் சரிசெய்ய விண்ணப்பதாரருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். செங்காந்தள், 30 நாள் போதாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள். கிளர்க்குக்கு அனுப்பிய மனுவின் நகலையும் இணையுங்கள். நிரந்தர லைசென்ஸ் இல்லாமல் வேலையில் வைத்திருக்க ஒரு கால வரம்பு உண்டு. ஆகவே எச்.ஆர். பிரிவை மட்டும் நம்பாமல் கமிஷனின் விசாரணை அதிகாரியிடமே பேசுங்கள்.

செங்காந்தள்:
கிடைத்துவிட்டது! எஃப்.என்.யு. என்ற பெயரில்தான் இருந்திருக்கிறது. டைவர்ஷன் தாளில் காஸ் நம்பர் இருந்தது, அதைச் சொன்னதும் கிளர்க் எடுத்துவிட்டார். தள்ளுபடி உத்தரவு இருக்கிறது. கல்மேடு அண்ணே, எப்படி நன்றி சொல்வது! அடுத்து என்ன? எக்ஸ்பங்ஷன் (பதிவை அழிக்கும் நீதிமன்ற உத்தரவு) செய்தால் இந்தத் தொல்லை ஒரேயடியாகப் போய்விடுமா?

கல்மேடு:
சந்தோஷம் தம்பி. எக்ஸ்பங்ஷனுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். டெக்சாஸில் அந்த உத்தரவு வந்தால் ஆவணங்களையே அழித்துவிடுவார்கள், பிறகு நீங்கள் கேட்டாலும் கிடைக்காது. முதலில் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று கமிஷனுக்கு. இன்னொன்று கட்டாயம் வேண்டும்: நாளை குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போடும்போது எக்ஸ்பங்க் ஆன கைதையும் சொல்ல வேண்டும், தாளும் கேட்பார்கள்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட, பழைய விசா பக்கத்தின் நகலையும் பெயர் மாற்றிய தாளையும் கமிஷனுக்கு அனுப்பும் உறைக்குள் வையுங்கள். இதை விட்டால் வேறு யாருடைய வழக்கோ என்று மறுபடி கடிதம் வரும்.

தாழை:
அதோடு மூலப் பதிவையும் சரிசெய்துவிடுங்கள். கைது டெக்சாஸில் என்பதால், அந்த மாநில டி.பி.எஸ். (பொதுப் பாதுகாப்புத் துறை) குற்றப்பதிவுப் பிரிவுக்குத் தள்ளுபடி உத்தரவை அனுப்பித் திருத்தம் கேட்பது நேரான வழி. எஃப்.பி.ஐ.யிடமும் நேரடியாக முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பதிவின் நகலைக் கேட்டு வாங்க மட்டும் 18 டாலர். அந்த நகலைக் கமிஷனுக்குக் கொடுத்துப் பயனில்லை, லைசென்ஸுக்கு அவர்களே எடுக்கும் கைரேகைச் சோதனைதான் செல்லும். திருத்தம் ஏறிவிட்டதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ள உதவும்.

செங்காந்தள்:
புரிந்தது. ஐந்து நகலுக்குப் பணம் கட்டிவிட்டேன். விசாரணை அதிகாரிக்கு இப்போதே மெயில் எழுதுகிறேன், டி.பி.எஸ்.க்கு நகல் கையில் வந்ததும் அனுப்புகிறேன்.